பூட்டும் சாவியும் போதுமா?

அறிவியலைத் தமிழில் எழுதுவோர் கையில் ஓர் உவமை நெடுநாள் புழங்கித் தேய்ந்துவிட்டது. உயிரணுவின் மேலுறையாகிய சவ்வில் 'ஏற்பி' என்னும் புரதங்கள் உள்ளன. இயக்குநீரோ மருந்தோ வந்து அவற்றில் பொருந்தினால் உயிரணு செயற்படத் தொடங்கும். இஃது எவ்வாறெனின், பூட்டில் சாவி பொருந்துதல் போல என்பர். பள்ளி நூலிலும் இதுவே, நீரிழிவு பற்றிய துண்டு வெளியீட்டிலும் இதுவே, மேடைச் சொற்பொழிவிலும் இதுவே. உவமை எளியது, நினைவில் நிற்பது. ஆயினும் அது பொருளைக் காட்டுகிறதா மறைக்கிறதா என்று நின்று ஆராய்ந்தவர் மிகச் சிலரே.

இவ்வுவமையைத் தந்தவர் எமில் ஃபிஷர் என்னும் ஜெர்மானிய வேதியியல் அறிஞர். 1894இல் அவர் இதனைக் கூறியது ஏற்பியைப் பற்றியன்று. சர்க்கரைப் பொருள்களைச் சிதைக்கும் நொதியைப் பற்றியே கூறினார். ஒரு நொதி ஒருவகை வடிவுடைய சர்க்கரையைச் சிதைக்கும். வடிவில் சிறிது மாறிய மற்றொன்றைத் தொடாது. இதனை விளக்கப் பூட்டும் சாவியும் மிகப் பொருந்தின. ஏற்பி என்னும் கருத்து பால் ஏர்லிக், ஜான் லாங்லி ஆகியோரின் ஆய்வால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உருப்பெற்றது. அப்பொழுது கையருகே கிடந்த உவமை புதிய பொருளுக்கும் சூட்டப்பட்டது. பிறருக்குத் தைத்த சட்டை தோளில் பொருந்தலாம். கையும் நீளமும் பொருந்த வேண்டுமே!

பூட்டு கதவில் அறைந்து வைக்கப்பட்டது. அது நகராது. பக்கத்து வீட்டுப் பூட்டு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது பற்றி அதற்குக் கவலையில்லை. ஏற்பியின் நிலை இதுவன்று. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறிட்டால் அக்கூறுகளில் ஏறத்தாழ ஐந்தின் கனமே உடையது உயிரணுச் சவ்வு. கொழுப்பு மூலக்கூறுகளின் ஈரடுக்கால் ஆன அது கெட்டித் தகடன்று, பாயும் தன்மையது என்று 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் எடுத்துக் காட்டினர். அதில் பதிந்துள்ள புரதங்கள் குளத்து நீரில் தெப்பம்போல் மிதந்து நகர்கின்றன, ஒன்றையொன்று அணுகுகின்றன, சில இணைகின்றன. இணைந்தபின் அவை பழைய ஏற்பிகளாக இருப்பதில்லை என்பதுதான் அறியவேண்டிய செய்தி. பூட்டுவமையில் இதற்கு இடமே இல்லை.

எடுத்துக்காட்டுக்குத் தொலைவு போக வேண்டுவதில்லை. மலாக்காவை அடுத்த புக்கிட் ரம்பாயில் எந்தத் தமிழர் வீட்டு அடுக்களையும் போதும். மாநிலத்தின் பெயரையே தாங்கிய குலா மலாக்கா என்னும் தென்னை வெல்லக் கட்டி ஒருபுறம். பெலாச்சான் என்னும் கூனிறால் பசை மறுபுறம். ஒன்று இனிப்பு. மற்றது கொழுகொழுவென்று நாவில் நிற்கும் ஒரு சுவை. தமிழரின் அறுசுவைப் பட்டியலில் அதற்குத் தனிப்பெயர் இல்லை. 1908இல் ஜப்பானிய அறிஞர் இக்கேடா அதற்கு 'உமாமி' என்று பெயரிட்டார். இவ்விரண்டும் நாவில் இருவேறு பூட்டுகளைத் திறக்கின்றன என்றுதான் பழைய உவமையைக் கற்றவன் எண்ணுவான்.

உண்மை வேறு. சுவை மொட்டின் அணுக்களில் டி1ஆர்1, டி1ஆர்2, டி1ஆர்3 என மூன்று புரதங்கள் உள்ளன. 2001, 2002ஆம் ஆண்டுகளில் சார்லஸ் சுக்கர், நிக்கலஸ் ரைபா ஆகியோரின் குழுவினரும் பிறரும் கண்டது இது: இரண்டாவதும் மூன்றாவதும் இணைந்தால் இனிப்பை உணரும் ஏற்பி, முதலாவதும் மூன்றாவதும் இணைந்தால் உமாமியை உணரும் ஏற்பி. மூன்றாவது இரண்டிற்கும் பொது. அஃது எதனோடு சேர்ந்தது என்பதைப் பொறுத்தே வெல்லமா பெலாச்சானா என்பது முடிவாகிறது. பூனை இனத்தில் இரண்டாவது புரதத்திற்குரிய மரபணு கெட்டுப்போயிற்று என்று 2005இல் கண்டனர்; துணையிழந்த மூன்றாவது தனித்து இனிப்பை அறியவில்லை; ஆகவே பூனைக்கு வெல்லம் வெறும் கட்டியே. ரீங்காரச் சிட்டு என்னும் அமெரிக்கக் கண்டப் பறவைக்கும் இரண்டாவது புரதம் இல்லை. ஆனால் அது நாளெல்லாம் மலர்த்தேன் உண்பது. அதன் உடலில் உமாமிக்குரிய இணையே காலப்போக்கில் மாறிச் சர்க்கரையை உணரத் தொடங்கிவிட்டது என்று 2014இல் தெளிவாயிற்று.

இதனை எந்தப் பூட்டால் விளக்குவது? தமிழாசிரியர் ஒருவர் சிறிது சிந்தித்தால், விளக்கம் தம் கைப்பையிலேயே இருப்பதைக் காண்பார். 'கல்' என்னும் நிலைமொழியைக் கொள்க. 'வீடு' வந்தால் கல்வீடு. 'மலை' வந்தால் கன்மலை. 'தூண்' வந்தால் கற்றூண். சொல் ஒன்றே, அடுத்து வந்தது எது என்பதற்கேற்ப அதன் ஈறு லகரமாகவும் னகரமாகவும் றகரமாகவும் நிற்கிறது. கற்றூணில் கல் மட்டுமா மாறிற்று? தூணின் தகரமும் றகரமாயிற்று. ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே இரண்டும் சேர்கின்றன. ஏற்பிகள் இணைந்து ஒன்றன் இயல்பை மற்றொன்று திரிப்பதைக் கூற இதனினும் பொருத்தமான ஒப்புமையை வேற்றுமொழியில் கடன் கேட்க வேண்டுமா?

'புணர்ச்சி' என்னும் இலக்கணச் சொல்லை வகுப்பில் உரக்கக் கூற ஆசிரியர் பலர் கூசுகின்றனர் என்பது உண்மையே. கூசுவோர் 'சேர்க்கை' எனலாம், பொருள் கெடாது. கெடுவது வேறொன்றால்: இதைக் கேட்டவுடன், தொல்காப்பியர் உயிரணுவைக் கண்டிருந்தார் என்று எவரேனும் கிளம்பிவிடுவர். அவர் கண்டது எழுத்தும் சொல்லும். இரு பொருள்கள் சேரும்போது இரண்டும் மாறக்கூடும் என்பதை அவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்த மரபு, இன்று ஆய்வுக்கூடத்தில் காணப்படுவதைச் சொல்லவும் உதவும் என்பதே ஈண்டுக் கூறப்படுவது. அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை.

இனி, எல்லா இணையும் ஒருதன்மையன அல்ல. தொடக்கப்பள்ளி மாணவர்க்குக் கற்பிக்கப்படும் இரட்டைக்கிளவி, அடுக்குத்தொடர் என்னும் பாகுபாடு இங்கே வியக்கத்தக்க வகையில் கைகொடுக்கிறது. 'சலசல' என்பதைப் பிரித்தால் 'சல' என்று ஒன்று எஞ்சும், அதற்குப் பொருளில்லை. மூளையில் காபா என்னும் அடக்குபொருளுக்குரிய ஏற்பிகளுள் காபா-பி என்பது இவ்வகையது. 1997இல் அதன் ஒரு கூற்றைப் பிரித்தெடுத்த ஆய்வாளர் திகைத்தனர். வேற்று உயிரணுவில் அதனை உண்டாக்கியபோது அது சவ்விற்கு வந்து சேராமல் உள்ளேயே தங்கிற்று. மறு ஆண்டில் அதன் துணை கண்டுபிடிக்கப்பட்டது. துணை சேர்ந்தால்தான் முதற்கூறு மேற்பரப்பிற்கு வரும். வந்தபின்னும் வேலை பங்கிடப்பட்டிருக்கிறது: காபாவைப் பற்றுவது முதற்கூறு, செய்தியை உள்ளே செலுத்துவது இரண்டாம் கூறு. பற்றத் தெரிந்ததற்குச் செலுத்தத் தெரியாது, செலுத்தத் தெரிந்ததற்குப் பற்றத் தெரியாது. தசை இறுக்கத்திற்குத் தரப்படும் பேக்லோஃபென் என்னும் மருந்து இவ்விணையின்மேல்தான் வேலை செய்கிறது.

'பாம்பு பாம்பு' என்பது அடுக்கு. பிரித்தாலும் பாம்பு பாம்புதான். அடுக்கியதால் விரைவும் அச்சமும் கூடின. காபா-பி சேர்ந்துள்ள அதே பெருங்குடும்பத்தின் மிகப் பெரிய கிளையில் உள்ள ஏற்பிகள் இத்தகையனவோ என்பது இன்னும் வழக்கில் இருக்கிறது. அட்ரினலின் ஏற்பியொன்றைத் தனியே எடுத்துக் கொழுப்பு வட்டொன்றில் ஒன்றே ஒன்றாக வைத்தபோது அது தன் வேலையைச் செவ்வனே செய்தது என்று 2007இல் ஒரு குழு காட்டிற்று. மறுபுறம், ஐதராபாத்து உயிரணு மூலக்கூற்று உயிரியல் மையத்தில் அமிதாபா சட்டோபாத்யாயின் குழு, செரட்டோனின்-1ஏ ஏற்பிகள் உயிருள்ள அணுக்களில் இணைகளாகவும் கூட்டங்களாகவும் இருப்பதை 2011இல் ஒளியளவையால் கண்டது. இரண்டும் முரணல்ல. தனித்தும் இயலும், கூடியும் இருக்கும். கூடுவதால் விளைவது என்ன என்பதே கேள்வி. தமிழில் இதுபற்றி எழுதுவோர் எல்லா ஏற்பியும் இணையாகவே தொழிற்படும் என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவது பிழை. இரட்டைக்கிளவியையும் அடுக்கையும் ஒன்றாக்கிய மாணவனுக்கு மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர், இங்கும் குறைக்கவே வேண்டும்.

இவை அனைத்தினும் பொருள் செறிந்தது வளர்ச்சிக் காரணியின் ஏற்பி. தோலணுக்களை வளரத் தூண்டும் காரணியொன்றைக் கண்ட ஸ்டான்லி கோஹன் 1986இல் நோபெல் பரிசு பெற்றார். அக்காரணி ஏற்பியில் பொருந்தியவுடன், முடங்கிக் கிடந்த ஏற்பி நிமிர்ந்து ஒரு கையை நீட்டுகிறது; நிமிர்ந்த மற்றோர் ஏற்பியின் கை அதனைப் பற்றுகிறது. இஃது 2002, 2003ஆம் ஆண்டுகளில் வெளிவந்த படிக வடிவாய்வுகளால் துலங்கிற்று. இதில் ஒரு வியப்பு: இரு காரணிகளும் இணையின் வெளிப்பக்கங்களில் ஒன்றுக்கொன்று எட்ட நிற்கின்றன. கைகோப்பவை ஏற்பிகளே. சாவி பூட்டைத் திறக்கவில்லை. ஒரு பூட்டை மற்றொரு பூட்டு திறக்க இசைவு மட்டும் தருகிறது!

சவ்விற்கு உட்புறத்தில் நடப்பது இன்னும் நுட்பமானது. அதை வெளிப்படுத்திய 2006ஆம் ஆண்டு ஆய்வுக்குத் தலைமை தாங்கிய ஜான் குரியன், இளமையில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று பின்னர் அமெரிக்கா சென்றவர். இணைந்த ஏற்பிகள் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. ஆகவே இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் என்று எவரும் எதிர்பார்ப்பர். அவ்வாறில்லை. உட்பகுதிகள் எதிரெதிரே நில்லாமல் கோணலாகச் சாய்கின்றன. ஒன்றன் அடிப்பாகம் மற்றொன்றன் தலைப்பாகத்தை நெருக்குகிறது. நெருக்கப்பட்டது வடிவம் திரிந்து விழித்துக்கொள்கிறது. நெருக்கியது அவ்வாறு திரிவதில்லை. ஒன்று எழுப்புவது, ஒன்று எழுவது.

ஒரே பொருளின் இருபடிகள் சேரும்போது ஒன்று மட்டும் எவ்வாறு மாறும் என்று கேட்கும் மாணவனுக்கு, 'பல' என்னும் சொல்லையும் 'பல' என்னும் சொல்லையும் சேர்க்கச் சொல்லலாம். பற்பல என்பான். முதற்பல பல் ஆகிப் பற் ஆயிற்று. இரண்டாம் பல பலவாகவே நின்றது. சிற்சிலவும் அப்படியே. உருவில் வேறுபாடு இல்லாத இரண்டிற்கு, நிற்கும் இடமே வேறுபாட்டைத் தந்தது. இதனை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் விளங்கிக்கொள்ளும்.

இக்குடும்பத்தில் ஹெர்-2, ஹெர்-3 என இரு உடன்பிறப்புகள் உள்ளன. ஹெர்-2ஐத் தேடிவரும் காரணி எதுவும் இதுகாறும் அறியப்படவில்லை. அது சாவியே இல்லாத பூட்டு. ஆனால் அதன் கை எப்பொழுதும் நீண்டே இருக்கிறது, யாரோடும் சேர ஆயத்தமாக. ஹெர்-3க்குக் காரணி உண்டு. ஆனால் அதன் உட்பகுதிக்குச் செயலாற்றும் வலிமை மிகக் குறைவு. அது தாழ்ப்பாள் பழுதான பூட்டு. தனித்தனியே இரண்டும் குறையுடையன. இரண்டும் சேர்ந்தாலோ, இக்குடும்பத்தின் இணைகளுள் மிக வலியனவற்றுள் ஒன்றாகி உயிரணுவை ஓயாது பெருகத் தூண்டுகின்றன. மார்பகப் புற்றுநோய்களுள் ஐந்தில் ஒன்று அல்லது சற்றுக் குறைந்த அளவில் ஹெர்-2 அளவிறந்து காணப்படுகிறது. 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ட்ராஸ்டுசுமாப் என்னும் மருந்து ஹெர்-2ஐப் பற்றுகிறது. 2012இல் ஒப்புதல் பெற்ற பெர்டுசுமாப் அதன் நீட்டிய கையிலேயே சென்று பற்றி, பிறிதோர் ஏற்பியோடு சேராமல் தடுக்கிறது. சாவித் துளையை அடைத்து ஆகும் பயன் ஹெர்-2 வகையில் ஒன்றுமில்லை. சேர்க்கையைத் தடுப்பதே மருந்தாயிற்று. பூட்டும் சாவியுமே அறிந்த ஒருவருக்கு இம்மருந்தை விளக்கவே இயலாது. நோயுற்ற தாயின் பக்கத்தில் அமர்ந்து மருத்துவர் கூறுவதைத் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டிய மகளுக்கு இது சிறு குறையன்று.

நீரிழிவிலும் இவ்வாறே. 2019ஆம் ஆண்டின் மலேசியத் தேசிய உடல்நல ஆய்வில், வயதுவந்தோருள் நீரிழிவுடையோர் 18.3 விழுக்காடு, இந்தியரிடையே 31.4 விழுக்காடு. தமிழர் வீடுகளில் இன்சுலின் என்னும் சொல் அரிசி, பருப்புப்போல் புழங்குகிறது. 'இன்சுலின் சாவி, அது கதவைத் திறக்கச் சர்க்கரை உள்ளே போகும்' என்பதே எங்கும் கூறப்படுவது. இன்சுலின் ஏற்பியோ தொடக்கத்திலிருந்தே இணை; இரு பாதிகள் கந்தகப் பிணைப்பால் கட்டுண்டவை. இன்சுலின் அவற்றைச் சேர்ப்பதில்லை; சேர்ந்திருப்பதன் நிலையைத் திருத்துகிறது. மேலும், சர்க்கரை நுழையும் வாயில் அந்த ஏற்பியே அன்று. தசையிலும் கொழுப்பிலும் அவ்வாயிற் புரதம் அணுவின் உள்ளே ஒதுங்கியிருக்கிறது. ஏற்பியிலிருந்து செய்தி பல கைமாறிச் சென்றபின் மேற்பரப்பிற்கு வருகிறது. பூட்டு ஓரிடம், கதவு வேறிடம்! இரண்டாம் வகை நீரிழிவில் பழுது பெரும்பாலும் அந்தக் கைமாற்றத்திலேயே நேர்கிறது. மருந்தகத்து வரிசையில் நிற்பவருக்கு ஒரு வரியில் சொல்லச் சாவியுவமை போதும். அதனைக் குறைகூற வேண்டா. மாணவனுக்கு அதுவே முடிந்த முடிவாகத் தரப்படும்போதுதான் தீங்கு.

கலைச்சொற்களையும் சிறிது நோக்க வேண்டும். 1916இல் சேலத்தில் இராசாசி முதலியோர் கலைச்சொல்லுக்கெனச் சங்கம் கண்டனர். அதற்கும் முன்னரே யாழ்ப்பாணத்தில் மருத்துவர் சாமுவேல் கிரீன் மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். நூற்றாண்டு கடந்த உழைப்பு சொல்லாக்கத்தில் சென்றது. சொல்லைக் கொண்டு பொருளை நடத்திக் காட்டும் உரைநடைக்கு அதில் பாதியும் செல்லவில்லை. 'ஏற்பி' என்பது ஏற்றலை மட்டும் சுட்டும். பற்றல், திரிதல், பிறிதைத் திரித்தல் எதுவும் அதில் இல்லை. எனினும் அச்சொல் வேரூன்றிவிட்டது. இனிப் பிடுங்குவது வீண்வேலை. இணைந்த ஏற்பிக்கு 'இருமம்' என்று வழங்குவதைத்தான் ஏற்க இயலவில்லை. அஃது எண்ணிக்கையைக் கூறி நின்றுவிடுகிறது. கணிப்பொறித் துறையில் அதே சொல் சுழியும் ஒன்றுமான எண்முறைக்கு வழங்குவதால் குழப்பமும் மிகும். 'இணையேற்பி' எனலாம், ஒத்த இரண்டாயின் 'தன்னிணை', வேறுபட்டனவாயின் 'வேற்றிணை' எனலாம். இவற்றினும் நல்லன இருப்பின் அவை வரட்டும்.

மலேசியத் தமிழ்ப்பள்ளிக் கல்வி ஆறாண்டு. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாறின. பின்னர் அக்கொள்கை கைவிடப்பட்டது. 2016இல் இருமொழித் திட்டம் வந்து பள்ளிகளிடையே புதிய பூசலைக் கிளப்பிற்று. ஆறாண்டு முடித்துப் புக்கிட் ரம்பாய்ப் பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குச் சென்றால் உயிரியலில் 'ரெசெப்டோர்' என்று மலாயில் கற்கும். தமிழ் அதற்கு ஒரு தேர்வுப் பாடமாக, அதிலும் இலக்கணம் மனப்பாடமாக, எஞ்சுகிறது. உயிரியல் ஆசிரியர் கற்றூணை அறியார். தமிழாசிரியர் ஏற்பியை அறியார். தோன்றல், திரிதல், கெடுதல் என்று ஒப்பிக்கும் பிள்ளை, அதே மூன்றும் தன் நாவின்மேல் வெல்லம் கரையும்போதும் வேறு வடிவில் நிகழ்கின்றன என்று ஒருவராலும் சொல்லப்படாமலே வளர்கிறது. பாடநூலாக்கக் குழுக்களில் இவ்விருவரையும் ஒரு மேசையில் அமர்த்தினால் பெருஞ்செலவு ஆகப்போவதில்லை.

புணர்ச்சியுவமைக்கும் எல்லை உண்டு. கற்றூண் என்று எழுதியபின் அது தானே பிரிந்து கல்லும் தூணும் ஆகிவிடாது. ஏற்பியிணைகளுட் பல நொடிக்குள் சேர்ந்து நொடிக்குள் பிரிவன. நிலைமொழி முன்னும் வருமொழி பின்னும் வரும் ஒழுங்கு எழுத்துக்கு உண்டு. சவ்வில் முன்பின் இல்லை, எத்திசையிலிருந்தும் துணை வரும். மேலும், சொற்கள் எழுதப்படும் ஏடு அவற்றின் புணர்ச்சியில் தலையிடுவதில்லை. சவ்வோ தலையிடுகிறது: அதிலுள்ள கொலஸ்டிரால் கூடினும் குறையினும் செரட்டோனின் ஏற்பி போன்றவற்றின் நடத்தையும் கூட்டமும் மாறுவதை ஐதராபாத்து ஆய்வுகள் காட்டியுள்ளன. எழுதும் ஓலையே எழுத்தைத் திருத்தும் இந்நிலைக்கு இலக்கணத்தில் ஒப்புமை கிடைக்கவில்லை. அதற்கு வேறிடத்தில் தேட வேண்டும்.